பழைய வண்டிக்குப் புது எலும்பு... பத்திரம், உங்க நுரையீரல்!

மரக்காணம் உப்பளத்தில் மூட்டை ஏற்றிய வண்டியா? அப்படியென்றால் அதன் சேஸிஸ் பாதி ஆயுசை உப்புக்கே தாரை வார்த்திருக்கும். மேலே பார்த்தால் பெயின்ட் பளபள. அடியில் குனிந்து சுத்தியலால் லேசாகத் தட்டினால், 'டிங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'பொத்' என்று கேட்கும். உளியை வைத்தால் இரும்பு அப்பளமாக உதிரும்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் அந்தக் கால ஜீப் பிக்-அப்களும், சென்னையில் தயாரான 'ஸ்டாண்டர்டு 20' மாதிரி வண்டிகளும் மல்லாட்டை மூட்டையும் கரும்பும் காய்கறியும் சுமந்து ஓய்ந்தவை. இன்றைக்கு அவற்றை மாட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்து, வீட்டின் பின்பக்கத்திலேயே பட்டறை போட்டு உயிர் கொடுக்கும் ஆசை சிலருக்கு வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். மனசுக்கு உற்சாகம், கைக்கு வேலை, டி.வி. முன்னால் உட்கார்ந்து தொப்பை வளர்ப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்!

ஆனால் ஒரு விஷயம். பட்டறை என்றால் அங்கே வேலை நடக்கும், வீடு வேறு இடத்தில் இருக்கும். இங்கேயோ பத்தடி தள்ளி சமையல்கட்டு, கொடியில் குழந்தையின் சட்டை, திண்ணையில் பாட்டி. வண்டியிலிருந்து கிளம்பும் தூசியும் புகையும் வண்டிக்காரரை மட்டும் தேடிப் போவதில்லை. இன்னொரு வில்லங்கம், இதில் வரும் கெடுதல்களில் பாதி அன்றைக்கே தெரியாது. சில ராத்திரி வரும். சில மாதக்கணக்கில் வரும். சில, வண்டியை விற்ற பிறகும் வரும்!

எது எப்போது வரும்? வரிசையாகப் பார்ப்போம்.

உடனே வருவது: நசுக்கல், வெடி, வெட்டு

சேஸிஸ் என்பது வண்டியின் முதுகெலும்பு. ஏணி மாதிரி இரண்டு நீளச் சட்டம், நடுவே குறுக்குச் சட்டங்கள். பாடியைக் கழற்றியதும் அடியில் படுத்துக்கொண்டு வேலை செய்யத் தோன்றும். அங்கேதான் உஷார்! ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்கி நிற்பதற்கு அல்ல. உள்ளே ஒரு ரப்பர் வாஷர் கிழிந்தால் போதும், சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிடும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அதைவிட மோசம், சட்டென்று பொடியாகிவிடும். கெட்டியான தரையில் இரும்பு ஸ்டாண்டு நான்கு வைத்து, கையால் ஆட்டிப் பார்த்து, அதன் பிறகே அடியில் போக வேண்டும்.

அடுத்தது பெட்ரோல் டேங்க். "காலியாத்தானே இருக்கு, ஒரு பத்து வெச்சுடலாம்" என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க்தான் அதிக ஆபத்து. உள்ளே பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். வெல்டிங் ஆரம்பிக்கும் முன்பே டேங்கைக் கழற்றி வீட்டுக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள்.

மூன்றாவது, கிரைண்டர். நான்கு அங்குல கிரைண்டரின் வட்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கும் மேல் சுற்றும். வட்டு உடைந்தால் துண்டு முகத்துக்கு வந்து சேர ஒரு கண் சிமிட்டல் கூட ஆகாது. இடைஞ்சலாக இருக்கிறது என்று கார்டைக் கழற்றாதீர்கள். மரம் அறுக்கும் பிளேடை அதில் மாட்டவே மாட்டாதீர்கள். லுங்கி, வெறுங்கால், தொளதொள சட்டை மூன்றும் வேண்டாம். பேன்ட், பூட்ஸ், பருத்திச் சட்டை, கண்ணாடி. இது தான் யூனிஃபார்ம்.

துருப்பிடித்த தகடு கையைக் கிழித்தால்? டெட்டனஸ் துருவினால் வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் உள்ள கிருமியின் வித்துக்கள் காயத்துக்குள் போவதால் வருகிறது. பழைய மாட்டுக் கொட்டகையில் வேலை என்றால் இரண்டுக்கும் பஞ்சமில்லை! காயத்தை சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு, கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டோம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அழுக்கான காயமாகி, ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி போடச் சொல்வார்கள்.

ராத்திரி வருவது: கண் எரிச்சலும் மர்மக் காய்ச்சலும்

சாயங்காலம் வரை ஒன்றுமில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல், தாரை தாரையாகத் தண்ணீர். வெல்டிங் ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிட்டது என்று அர்த்தம். ஒளி பட்ட 6 முதல் 12 மணி நேரம் கழித்தே வலி ஆரம்பிக்கும். வெல்டிங் செய்தவருக்கு மட்டுமல்ல, "அப்பா என்ன பண்றாரு?" என்று பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைக்கும் வரும்.

உடனே கை வைத்தியம் ஆரம்பிக்கும். தாய்ப்பால் விடு, உருளைக்கிழங்கு வை... வேண்டவே வேண்டாம். மேல்தோல் உரிந்த கண்ணில் இவற்றைப் போட்டால் கிருமிக்கு விருந்து வைத்த மாதிரி. மரத்துப் போகும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி அடிக்கடி விடுவதும் ஆபத்து. வலி தெரியாது, ஆனால் புண் ஆறாது. கசக்காமல், மூடிய கண்மேல் சுத்தமான ஈரத்துணி வைத்துக்கொண்டு கண் டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

கிரைண்டர் பொடி கண்ணில் குத்தியிருந்தால் கைக்குட்டை முனையாலோ தீக்குச்சியாலோ எடுக்கப் பார்க்காதீர்கள். இரும்புத் துகள் கருவிழியில் தங்கினால் அங்கேயே துரு வளையம் போடும்! முறையாக எடுக்க வேண்டும்.

இன்னொரு ராத்திரி விருந்தாளி, உலோகப் புகைக் காய்ச்சல். ஓட்டை விழுந்த சேஸிஸுக்கு ஒட்டுப் போட ஜி.ஐ. தகட்டைப் பயன்படுத்துகிறார்கள். அதன்மேல் பூசியிருக்கும் துத்தநாகம் வெல்டிங் சூட்டில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். சில மணி நேரம் கழித்து வாயில் இரும்பு ருசி, குளிர், காய்ச்சல், உடம்பு வலி. வீட்டில் மலேரியாவோ என்று பயப்படுவார்கள். ஒன்றிரண்டு நாளில் தானாக இறங்கும். ஆனால் மூச்சுத் திணறல் இருந்தால் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன புகையைச் சுவாசித்தார் என்பதையும் சொல்லுங்கள். விழுப்புரத்தை ஒட்டி முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கிறது.

"ஒரு டம்ளர் பால் குடிச்சா புகை இறங்கிடும், வெல்லம் சாப்பிட்டா தூசி போயிடும்" என்பது பட்டறை நம்பிக்கை. பாலும் வெல்லமும் போவது வயிற்றுக்கு. புகை போவது நுரையீரலுக்கு. இரண்டுக்கும் பாதை வேறு! ஒட்டுப் போடக் கறுப்புத் தகடே வாங்குங்கள். பெயின்டையும் துருவையும் இரண்டு அங்குலம் சுற்றிச் சுரண்டிவிட்டு, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று வெல்டிங் செய்யுங்கள்.

மாதக்கணக்கில் வருவது: பெயின்டில் ஒளிந்த ஈயம்

இதுதான் வீட்டம்மாக்கள் முக்கியமாகப் படிக்க வேண்டிய பகுதி.

பழைய வண்டிகளின் அடிப்பூச்சிலும் மஞ்சள், சிவப்பு மேல்பூச்சிலும் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. 'ரெட் ஆக்சைடு' வேறு, 'ரெட் லெட்' வேறு. முன்னது இரும்புத் துரு நிறம், பின்னது சுத்தமான ஈயச் சமாசாரம். நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி போட்டது. அது வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கும் பெயின்டுக்கு. நாற்பது வருஷத்துக்கு முன் அடித்த வண்டி பெயின்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உலர்ந்த பெயின்டை கிரைண்டரில் தேய்த்தால் ஈயம் மாவு மாதிரி பறக்கும். சட்டையில், தலைமுடியில், செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும். தவழும் குழந்தை தரையைத் தொட்டு விரலைச் சப்பும். ஈயத்துக்கு 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையின் மூளை வளர்ச்சியையும் கவனத்தையும் படிப்பையும் அது சத்தமில்லாமல் குறைக்கிறது. ரத்த சோகை, வயிற்று வலி, மலச்சிக்கல் வந்தாலும் 'சாப்பாடு ஒத்துக்கலை' என்று நினைத்துவிடுவோம். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போகக் கூடாது. சந்தேகம் இருந்தால், ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் பரிசோதனை உண்டு. டாக்டரிடம் கேளுங்கள்.

என்ன செய்யலாம்?

• உலர் தேய்ப்பு வேண்டாம். தண்ணீர் உப்புத்தாளால் நனைத்துத் தேயுங்கள், அல்லது பெயின்ட் ரிமூவர் போட்டு வழித்தெடுங்கள். வழித்ததைக் கிணற்றடியிலும் தோட்டத்திலும் கொட்டாதீர்கள்.
• கீழே தார்ப்பாய் விரியுங்கள். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.
• வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே கழற்றி, தனி வாளியில் துவையுங்கள். குளித்த பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும்.
• அழுக்குக் கையோடு அங்கேயே டீ, பீடி, வெற்றிலை கூடவே கூடாது.
• பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். வாயாலோ கம்ப்ரஸராலோ ஊதாதீர்கள். நனைத்துத் துடையுங்கள்.

வருஷக்கணக்கில் வருவது: மணல்

சேஸிஸை வேகமாகச் சுத்தம் செய்ய, கம்ப்ரஸரில் மணலைப் பீய்ச்சி அடிப்பது ஒரு வழி. பத்து நாள் வேலை ஒரு நாளில் முடியும். ஆனால் மணல் உடையும்போது அதிலுள்ள சிலிக்கா, கண்ணுக்கே தெரியாத பொடியாகி நுரையீரலின் அடி ஆழம் வரை போகிறது. அங்கே தழும்பு விழும். நுரையீரல் இறுகும். இதன் பெயர் சிலிகோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. வேலையை நிறுத்திய பிறகும் நோய் வளரலாம், காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும். திண்டிவனம், வானூர் பக்கத்துக் கல் கிரஷர்களில் இருக்கும் அதே அபாயம்தான் இதுவும்.

பிரிட்டன் வார்ப்பட வேலைகளில் மணல் பீய்ச்சுவதை 1949-லேயே தடை செய்தது. துருக்கியில் ஜீன்ஸ் துணியை வெளுக்க மணல் அடித்த இளைஞர்கள் சில வருஷங்களிலேயே மூச்சுவிட முடியாமல் இறந்தார்கள். 2009-ல் அங்கேயும் தடை வந்தது. நம் நாட்டுச் சட்டத்திலும் சிலிகோசிஸ் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று.

ஆகவே வீட்டில் மணல் அடிக்கவே வேண்டாம். அடைத்த அறையில் இரும்புக் குண்டோ கார்னெட்டோ வைத்து அடிக்கும் இடத்தில் கொடுங்கள். "மணல் போடறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வீட்டில்தான் செய்வது என்றால் கம்பி பிரஷ், உளி, பாஸ்பாரிக் அமிலத் துரு நீக்கி போதும். அமிலத்துக்குக் கையுறையும் கண்ணாடியும் அவசியம். தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. கண்ணிலோ தோலிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள்.

கர்சீப் போதுமா?

போதாது! தூசிக்கு முகத்தோடு ஒட்டி நிற்கும் என்-95 வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் இடைவெளி விழும். தின்னர் ஆவியை என்-95 தடுக்காது, அதற்குக் கரி வடிகட்டி வைத்த மாஸ்க் தனி. இரண்டு டப்பா கலந்து அடிக்கும் '2கே' பெயின்டில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை அலர்ஜி ஆகிவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே ஆஸ்துமா வரும். அந்த வேலையை, பூத்தும் தனிக் காற்றுக் குழாயும் உள்ள பெயின்டரிடம் விட்டுவிடுங்கள்.

வெட்டுவதற்கு முன்...

வண்டிக்காக ஒரே ஒரு வார்த்தை. எதையும் வெட்டும் முன் சேஸிஸின் மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இல்லாவிட்டால் வண்டி நண்டு மாதிரி ஓடும். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டர் படக் கூடாது. 50 வயது தாண்டிய, வாடகைக்கு ஓட்டாத வண்டியை 'விண்டேஜ்' என்று பதிய 2021-ல் விதி வந்திருக்கிறது. ஆனால் சேஸிஸைப் பெரிதாக மாற்றியிருந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் முதலில் கேட்டுவிடுவது நல்லது.

துருப்பிடித்த குறுக்குச் சட்டத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு போடலாம். விழுப்புரம் லேத்தில் சொன்னால் அச்சு அசலாக வளைத்துத் தருவார்கள். தழும்பு விழுந்த நுரையீரலுக்கு அப்படி ஒரு லேத் எங்கேயும் கிடையாது. வீட்டுக்காரர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிரைண்டரைத் தூக்கும்போது, கண்ணாடியையும் மாஸ்க்கையும் எடுத்து அவர் கையில் கொடுங்கள். குழந்தைகளை மட்டும் உள்ளே கூப்பிட்டுக்கொள்ளுங்கள்!