மாத்திரையாலும் ரத்தசோகை வரும்

முகம் வெளிறி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கினால், ‘ரத்தம் குறைந்துவிட்டது’ என்று முருங்கைக்கீரையையும் பேரீச்சம்பழத்தையும் தேடுகிறோம். இரும்புச்சத்துக் குறைவுதான் பெரும்பாலும் காரணம் என்பதால் அது நியாயமே. ஆனால், வேறு நோய்க்காகச் சாப்பிடும் மருந்தும் சிலருக்கு ரத்தசோகையைக் கொண்டுவரும்.

சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் உருவாகி, சுமார் 120 நாள் ரத்தத்தில் ஓடி, பிறகு அழிகிறது. இதில் மருந்து மூன்று வழிகளில் குறுக்கிடலாம்.

முதலாவது, ரத்த இழப்பு. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் இரைப்பையில் புண் உண்டாகி ரத்தம் கசியலாம். வயிற்றுவலியே இல்லாமலும் இது நடக்கும். மலம் கன்னங்கரேலெனப் போவது முக்கியமான எச்சரிக்கை.

இரண்டாவது, உற்பத்திக் குறைவு. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களில் சிலருக்கு, சிவப்பணு உருவாகத் தேவையான வைட்டமின் பி12 உடலில் சேர்வது குறைகிறது. முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கிறது. அதனால்தான் மருத்துவர்கள் அதோடு ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதித் தருகிறார்கள்.

மூன்றாவது, அழிவு. மலேரியாவுக்கான பிரிமாகுயின், கொரியப் போருக்குச் சென்ற அமெரிக்க வீரர்களுக்குத் தரப்பட்டபோது சிலருக்கு மட்டும் சிவப்பணுக்கள் உடைந்தன. காரணம் 1956இல் தெரிந்தது. சிவப்பணுவைப் பாதுகாக்கும் ‘ஜி6பிடி’ என்ற நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு. எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் இக்குறைபாடு ஆண்களையே அதிகம் பாதிக்கிறது. தொழுநோய்க்கான டாப்சோனும் இவர்களுக்கு ஆபத்தாகலாம். மருந்து தொடங்கிய சில நாட்களில் சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளானாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இக்குறையை முன்கூட்டியே ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம்.

இதற்கெல்லாம் அஞ்சி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பலருக்கு அதனால் வரும் கேடு ரத்தசோகையைவிடப் பெரிது. சோர்வுக்காக மருத்துவரிடம் போகும்போது, கடையில் நீங்களே வாங்கிய வலி மாத்திரை உட்பட, சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் எடுத்துச் சென்று காட்டுங்கள்.