மொரிஸ் மைனர் மகிழுந்தின் பிரேக் அமைப்பும் உதிரிப்பாகங்களும்

மொரிஸ் மைனர் என்பது 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் அறிமுகப்படுத்தப்பட்ட பிரித்தானியச் சிறு மகிழுந்து ஆகும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி, 1971 ஆம் ஆண்டு வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தி செய்யப்பட்டது. பிரித்தானியாவிலும் இலங்கையிலும் பல மைனர் வண்டிகள் இன்றும் சாலையில் ஓடுகின்றன. அவற்றின் பிரேக் அமைப்பு அக்காலப் போக்குவரத்துக்கென வடிவமைக்கப்பட்டது. அதனைப் பழுதுபார்த்தல், உதிரிப்பாகங்களைத் தேடுதல், மேம்படுத்தல் ஆகியன பற்றி இக்கட்டுரை விளக்குகின்றது.

மூல அமைப்பு

மைனரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே உள்ளன. பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உருவாகும் அழுத்தம், பிரேக் ஆயில் வழியாகச் சக்கரங்களிலுள்ள சிறு சிலிண்டர்களை அடைகின்றது. அவை பிரேக் ஷூக்களை வெளிப்புறமாகத் தள்ளி, சுழலும் டிரம்மின் உட்சுவரில் உரசச் செய்கின்றன.

ஒவ்வொரு முன்சக்கரத்திலும் இரண்டு சிலிண்டர்கள் உள்ளன. வண்டி முன்னோக்கிச் செல்லும்போது, சுழலும் டிரம் இரு ஷூக்களையும் தன்னோடு இழுக்க முயல்வதால் அவை மேலும் இறுக அழுந்துகின்றன. இதனால் குறைந்த மிதிவிசையிலேயே போதிய தடுப்பு விசை கிடைக்கின்றது. பின்னோக்கிச் செல்லும்போது முன்சக்கரங்களில் இப்பயன் கிடைப்பதில்லை. பின்சக்கரங்களிலோ ஒரு சிலிண்டரே இரு ஷூக்களையும் இயக்குவதால், எத்திசையில் சென்றாலும் ஒரு ஷூ இவ்வாறு இறுகும்.

தொடக்கத்தில் 918 கன செ.மீ. எஞ்சினும் 7 அங்குல டிரம்களும் பொருத்தப்பட்டன. 1962 ஆம் ஆண்டு 1098 கன செ.மீ. எஞ்சின் வந்தபோது முன் டிரம்கள் 8 அங்குலமாக்கப்பட்டன. பின் டிரம்கள் மாற்றப்படவில்லை.

குறைபாடுகள்

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் அமையும். வேகம் இருமடங்கானால், பிரேக்குகள் வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். மூடிய டிரம்மினுள் இவ்வெப்பம் விரைவில் வெளியேறுவதில்லை. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் லைனிங்கின் உராய்வு குறைந்து தடுப்பு விசை தளரும்.

மற்றொரு குறைபாடு, நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் சுற்று இருப்பதாகும். ஒரு குழாய் வெடித்தாலோ ஒரு சிலிண்டர் ஒழுகினாலோ கால் பிரேக் முழுவதும் செயலிழக்கலாம். கம்பியால் இயங்கும் கைப்பிரேக் மட்டுமே எஞ்சும். ஐக்கிய அமெரிக்காவில் 1968 முதல் புதிய மகிழுந்துகளுக்கு இரட்டைச் சுற்று கட்டாயமாக்கப்பட்டது. மைனர் உற்பத்தியின் இறுதிவரை ஒற்றைச் சுற்றுடனேயே பிரித்தானியாவில் விற்கப்பட்டது.

மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தளத்தின் கீழ் அமைந்துள்ளது. ஆயில் மட்டத்தைப் பார்க்க, தரைவிரிப்பை விலக்கி மூடியைத் திறக்க வேண்டும். எளிதில் கண்ணில் படாத இடமாதலால் ஒழுகல் நெடுநாள் கவனிக்கப்படாமல் போவதுண்டு.

உதிரிப்பாகங்களைத் தேடுதல்

மைனரின் பிரேக் பாகங்களுள் பெரும்பாலானவை இன்றும் புதிதாகத் தயாரிக்கப்படுகின்றன. இலங்கையில் 1970களில் நிலவிய கடும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பழைய வண்டிகளைப் பழுதுபார்த்துப் பயன்படுத்தும் திறனை வளர்த்தன. பிரித்தானியாவின் பாத் நகரில் மைனர் வண்டிகளுக்கென நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர், 1990களில் இலங்கையில் மைனர் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றை அமைத்தார். அங்கு உருவான பாகங்கள் பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியாயின.

பாகங்களை வாங்கும்போது கருத்தில் கொள்ள வேண்டியவை:

• வண்டியின் பதிவு ஆண்டை மட்டும் நம்பலாகாது. பல உரிமையாளர்களின் கைமாறிய வண்டியில் 7 அங்குல டிரம்களுக்குப் பதிலாக 8 அங்குல டிரம்கள் பொருத்தப்பட்டிருக்கலாம். டிரம்மைக் கழற்றி அளந்த பின்னரே பாகம் வாங்க வேண்டும்.
• பல ஆண்டுகள் பெட்டியிலேயே இருந்த "பயன்படுத்தாத பழைய" பாகங்கள் எல்லாம் சிறந்தவை அல்ல. உலோக டிரம் கெடாமல் இருக்கலாம். இரப்பர் வளையங்களும் குழாய்களும் பயன்படுத்தாவிடினும் முதுமையால் இறுகி வெடிக்கும். இவற்றைப் புதிதாகவே வாங்க வேண்டும்.
• சிலிண்டரின் உட்சுவரில் துருக்குழிகள் இருப்பின் இரப்பரை மட்டும் மாற்றுவது பயன் தராது. புதிய சிலிண்டர் வாங்கலாம்; அல்லது துருப்பிடிக்காத எஃகு உறை இட்டுப் புதுப்பிக்கலாம்.
• பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். இது ஐக்கிய இராச்சியத்தில் 1999 இல் தடை செய்யப்பட்டது. இத்தூசி புற்றுநோயை உண்டாக்கும். அதனைக் காற்றால் ஊதி அகற்றலாகாது.

மேம்படுத்தும் முறைகள்

7 அங்குல முன் டிரம் கொண்ட வண்டிக்குப் பிற்கால மைனரின் 8 அங்குல அமைப்பைப் பொருத்துவது எளிய மேம்பாடாகும். மைனரின் அடித்தளத்தைக் கொண்டு 1957 இல் வெளிவந்த ரைலி 1.5 வண்டியின் பெரிய முன் டிரம்களும் இவ்வாறு பயன்பட்டன.

அடுத்தது டிஸ்க் பிரேக் ஆகும். 1971 இல் வெளிவந்த மொரிஸ் மரீனாவின் முன் சஸ்பென்ஷன் மைனரைத் தழுவியது என்பதால் அதன் டிஸ்க்குகள் மைனரில் பொருத்தப்பட்டன. இதற்கெனத் தனித் தொகுதிகளும் விற்கப்படுகின்றன. டிஸ்க் திறந்த காற்றில் சுழல்வதால் விரைவில் குளிர்கின்றது. ஆயின் டிரம்மில் உள்ளதைப் போலத் தானாக இறுகும் தன்மை அதற்கு இல்லை. எனவே கூடுதல் மிதிவிசை தேவைப்படும். இதனை ஈடுசெய்யச் சிலர் எஞ்சினின் வெற்றிடத்தால் இயங்கும் செர்வோவைச் சேர்க்கின்றனர்.

செர்வோ மிதிவிசையைப் பெருக்குமேயன்றி, ஒற்றைச் சுற்றின் ஆபத்தை நீக்காது. அதற்கு இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் தனித்தனிக் குழாய்களும் வேண்டும்.

சமநிலையின் இன்றியமையாமை

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரங்களின் மேல் சாய்கின்றது. முன் பிரேக்குகள் வலுவாக இருக்க வேண்டியதன் காரணம் இதுவே. பின்சக்கரங்கள் முதலில் சுழற்சியை இழந்தால் வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் வீசப்படும். ஆகவே பின் பிரேக்கை மட்டும் வலுப்படுத்துவது ஆபத்தானது.

மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டமும் புதிய பாகங்களுக்குப் பொருந்த வேண்டும். விட்டம் சிறிதாயின் அழுத்தம் கூடும். பெடல் செல்லும் தொலைவும் கூடும். பெரிதாயின் பெடல் கடினமாகும். மேலும், டிரம் அமைப்பில் சிறிதளவு அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு டிஸ்க்குக்கு ஏற்றவாறு மாற்றப்படாவிடின், பேட்கள் எப்போதும் உரசி வெப்பமடையும்.

பிரேக் ஆயில்

டாட் 3, டாட் 4 வகை ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவன. புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியசு. ஈரம் சேர்ந்தபின் இது 155 பாகை வரை தாழலாம். கொதிக்கும் ஆயிலில் தோன்றும் ஆவி அமுங்கக் கூடியது. ஆதலால் பெடல் தரைவரை சென்றும் வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது நலம். சிலிக்கோன் அடிப்படையிலான டாட் 5 ஆயிலை இவற்றோடு கலக்கலாகாது. கனிம எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் இரப்பர் உப்பிப் பாழாகும்.

எவ்வகை மேம்பாட்டுக்கும் முன்னர், மூல அமைப்பைச் செம்மையாகப் பழுதுபார்த்துச் சோதிப்பதே முதற்படியாகும். துருப்பிடித்த குழாய்களையும் ஒழுகும் சிலிண்டர்களையும் அப்படியே விட்டுவிட்டுப் பொருத்தப்படும் டிஸ்க் பிரேக், நன்கு சீரமைக்கப்பட்ட பழைய டிரம் பிரேக்கைவிடப் பாதுகாப்பானது அன்று.