பிரஷர் குளிசையை விடாதீர்கள், மாற்றிக் கேளுங்கள்

கற்பிட்டியிலிருந்து உடப்பு வரை, வீட்டில் ஒரு பெண் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் பெரியவர்கள் சொல்வதுண்டு: "பிரஷர் குளிசைய விட்டுரு மகள், வயித்துப் புள்ளைக்கு ஆகாது. கருவாட்டக் கொறச்சாப் போதும்." பாசத்தில் சொல்வதுதான். அதில் பாதி உண்மையும் உண்டு. அந்தப் பாதியை நம்பி மீதியையும் ஏற்றுக்கொள்வதில்தான் ஆபத்து.

உண்மையான பாதியை முதலில் சொல்கிறேன். நம் நாட்டில் பரவலாகக் கொடுக்கப்படும் லொசாட்டன், அதன் இனத்தைச் சேர்ந்த டெல்மிசாட்டன், வல்சாட்டன், வேறோர் இனமான எனலாப்ரில், கப்டோப்ரில், லிசினோப்ரில் ஆகியவை கர்ப்பிணிக்கு ஆகாதவை. நான்காம் மாதத்துக்குப் பிறகு பிள்ளை மிதக்கும் பனிக்குட நீரில் பெரும்பகுதி அதன் சொந்தச் சிறுநீர். இந்த மருந்துகள் தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியே பிள்ளையிடம் போய், அதன் சிறுநீரகத்தின் வேலையை முடக்குகின்றன. சிறுநீர் குறைய, பனிக்குட நீர் வற்றுகிறது. நீர் வற்றினால் நுரையீரல் வளராது. மண்டையோட்டு எலும்பும் சரியாக உருவாகாமல் போகலாம், பிள்ளை இறக்கவும் கூடும். எனலாப்ரில் இனத்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1992இலேயே இதற்காகக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. அட்டெனலோலும் பிள்ளையின் வளர்ச்சியைக் குறைக்கலாம்.

கர்ப்பம் என்று தெரியாமல் முதல் சில வாரங்கள் இவற்றைக் குடித்துவிட்ட பெண் பதற வேண்டாம். பெரிய கேடு பிந்திய மாதங்களில்தான். தெரிந்த அன்றே டாக்டரிடம் போய் மருந்தை மாற்றி, ஸ்கேனில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் நல்லபடியாகவே முடியும்.

தவறான பாதி, மருந்தே வேண்டாம் என்பது. கட்டுப்படாத பிரஷரால் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரியலாம், பிள்ளை வளராமல் போகலாம், தாய்க்கு வலிப்போ மூளையில் இரத்தக் கசிவோ வரலாம். கருவாட்டைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் அது குளிசைக்கு ஈடாகாது. மெதில்டோபா, லெபெட்டலோல், நிஃபெடிபின் ஆகிய மூன்றும் கர்ப்பத்தில் நெடுங்காலமாகக் கொடுக்கப்படுபவை. மெதில்டோபா எடுத்த ஒக்ஸ்போர்ட் தாய்மாரின் பிள்ளைகளை ஏழரை வயது வரை கவனித்து 1982இல் முடிவை வெளியிட்டார்கள்: உடல் வளர்ச்சியிலும் அறிவிலும் மற்றப் பிள்ளைகளுக்கு அவர்கள் குறைந்தவர்களாக இல்லை. 2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 2,408 கர்ப்பிணிகள் இருந்தார்கள். பிரஷரை 140/90க்குக் கீழே வைத்திருந்தவர்களுக்குக் கடும் சிக்கல்கள் குறைந்தன, மருந்தால் பிள்ளைகள் சிறுத்துப் பிறக்கவும் இல்லை.

ஆகவே கையிலுள்ள குளிசை அட்டையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது நம் மிட்வைஃபிடம், முதல் சந்திப்பிலேயே காட்டுங்கள். கல்யாணமாகிப் பிள்ளைக்கு எண்ணும்போதே காட்டினால் இன்னும் நல்லது. சிலருக்கு 16 வாரத்துக்கு முன்பே சிறிய அளவு அஸ்பிரின் தொடங்க வேண்டியிருக்கும், அதற்காகவும் கர்ப்பப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய துண்டைக் காட்டி பார்மசியில் லொசாட்டன் வாங்காதீர்கள். மெதில்டோபா ஒரு நாளில் இரண்டு மூன்று வேளை குடிக்க வேண்டியது. நோன்பு மாதத்தில் பகல் வேளைக் குளிசையைத் தானாக விடுவது ஆபத்து. கர்ப்பிணி நோன்பைப் பிற்போட மார்க்கத்தில் சலுகை உண்டு.

அரச கிளினிக்கும் அங்கு கொடுக்கும் மருந்தும் இலவசம். குளிசையின் பெயர் என்ன, ஏன் தருகிறார்கள், பிள்ளைக்கு என்ன செய்யும் என்று கேட்பது உங்கள் உரிமை. சிங்களம் புரியாமல் தலையாட்டிவிட்டு வராதீர்கள். அரச அலுவலரோடு தமிழில் பேசி அலுவல் முடிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. மறுத்தால் முதலில் வைத்தியசாலைப் பணிப்பாளரிடம், பிறகு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடம் எழுத்தில் முறையிடுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் போகலாம்.

விடாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல், பிரஷர் 160/110ஐத் தொடுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் பத்தலங்குண்டு போன்ற தீவுகளில் வாடியடித்துத் தங்கும் குடும்பங்களுக்குக் கரை சேரவே நேரமாகும். பிரஷர் உள்ள பெண்ணைக் கடைசி மாதங்களில் கரையிலேயே, வைத்தியசாலைக்குக் கிட்ட, வைத்திருங்கள்.

பிள்ளை பிறந்ததும் தீர்ந்தது என்று குளிசையை நிறுத்துபவர்களும் உண்டு. பிரசவமாகி மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை பிரஷர் மறுபடி ஏறக்கூடும், வலிப்பும் வரலாம். மெதில்டோபா சிலருக்கு மனச்சோர்வைத் தருவதால் அந்த நாட்களில் டாக்டர் அதை மாற்றலாம். அப்போது எனலாப்ரில் எழுதிக் கொடுத்தால் திகைக்க வேண்டாம். அது தாய்ப்பாலில் மிகச் சொற்பமே கலக்கிறது. பிள்ளை குறைமாதமா என்பதை மட்டும் டாக்டருக்கு நினைவூட்டுங்கள்.