வண்ணத் துண்டும் கிணற்று நீரும்

கடலில் நீராடி எழும் அயல்நாட்டார், மணலில் விரித்துப் படுக்கப் பெரிய துண்டு ஒன்றைக் கையோடு கொண்டு செல்வர். அதில் பூவும் இல்லை, மயிலும் இல்லை. வட்டமும் கோடும் பல நிறங்களில் சிதறிக் கிடக்கும். அதன் ஒரு புறம் நூல் வளையங்களை விட்டுவைப்பது நீரை உறிஞ்சுவதற்காக. மறுபுறத்தில் அவ்வளையங்களைக் கத்தரித்து மென்மையாக்கி, அதன்மீது வண்ணம் அச்சிடுகிறார்கள்.

உருவமின்றிப் புள்ளியாலும் நிறத்தாலும் மட்டுமே அழகு செய்யும் துணி மதுரைக்குப் புதிதன்று. நாயக்கர் காலத்தில் இங்குக் குடியேறிய சௌராஷ்டிர மக்கள் வளர்த்த சுங்குடி அத்தகையதே. துணியைக் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்குவர். முடிச்சை அவிழ்த்தால் அவ்விடம் வெண்புள்ளியாய் நிற்கும். 2005-ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முடிச்சுக்குப் பதிலாக மெழுகை அச்சுக்கட்டையால் ஒற்றிச் சாயமிடும் முறையும் இங்கே நடைபெறுகிறது. வைகை நீரே சுங்குடிக்கு நிறம் தருகிறது என்பது முதியோர் வாக்கு. சாயம் நீருக்கு என்ன தருகிறது என்பதையே நாம் இங்குக் கூற விரும்புகிறோம்.

பருத்தித் துணிக்கு இன்று பெரிதும் பயன்படும் செயற்கைச் சாயம், நீரில் இருப்பதை விட்டு நூலைப் பற்றிக்கொள்ள உப்பு வேண்டும். பற்றியது நிலைக்கச் சலவைச் சோடா வேண்டும். அச்சிடும் வேலைக்கு உப்பு மிகக் குறைவு. முழுத்துணியையும் அடர்நிறத்தில் முக்கும்போதுதான் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை செலவாகிறது. ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் நீரும், லிட்டருக்கு 50 கிராம் உப்பும் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 100 கிலோ துணி முக்கும் சிறு பட்டறை 50 கிலோ உப்பைக் கரைக்கிறது. அதாவது தினம் ஒரு மூட்டை! அதில் ஒரு பிடியும் துணியோடு போவதில்லை. அனைத்தும் கழிவுநீரோடு வாய்க்காலுக்கு வருகிறது.

சுண்ணாம்பும் அன்னபேதியும் இட்டால் நிறம் பெரும்பாலும் அடியில் படிந்துவிடும். மேல்நீர் தெளிந்து காணும். தெளிந்த நீரைக் காட்டி, ‘சுத்தம் செய்துவிட்டோம்’ என்பார்கள். உப்பு அப்படியே இருக்கும். சவ்வூடு பரவல் இயந்திரத்தால் பிரித்தோ, நீரை ஆவியாக்கியோதான் அதை எடுக்க முடியும். உப்பிலுள்ள சோடியம் களிமண்ணை இறுக்கிவிடும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் நிலம் வைத்திருப்போர், இறுகிய மண்ணில் நீர் இறங்காமல் தேங்குவதன் துன்பத்தை நன்கு அறிவர்.

நொய்யலில் நடந்தது இதுவே. பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, அந்நீர் பயிருக்கு உதவாமற் போயிற்று. சுற்றுப்புறக் கிணறுகளும் கெட்டன. விவசாயிகள் வழக்காடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அணை கட்டிப் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அவ்வாணை வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சாயத்தொழில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முடிச்சிடும் பெண்களுக்கு அது சோறு போடுகிறது. பட்டறை வைக்க ஒருவர் முன்வந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைக் கேட்பதோடு, ‘நாள் ஒன்றுக்கு எத்தனை மூட்டை உப்பு? அது எங்கே போகும்?’ என்றும் மன்றத்தார் கேட்க வேண்டும். வெளிவிடும் கழிவில் கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமை மிஞ்சலாகாது என்பது விதி.

பட்டறை தொடங்கும் முன்பே அருகிலுள்ள நான்கைந்து கிணறுகளின் நீரைச் சுத்தமான புட்டிகளில் எடுத்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின்கடத்து திறனை அளந்து வாங்குங்கள். மீட்டருக்கு 3 டெசிசைமன் அளவைத் தாண்டிய நீர் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. கிடைத்த எண்ணைத் தேதியுடன் மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் அளந்து, அதன் கீழேயே எழுதுங்கள். முதல் எண் இல்லையென்றால், பின்னாளில் கிணறு கரித்தபோது, ‘இது முன்பே உவர்நீர்தான்’ என்பார்க்கு விடை கூற உங்கள் கையில் எதுவும் இராது.