கறுத்த மணலும் பத்தாண்டுக் கணக்கும்

கொல்லத்துக்கு வடக்கே நீண்டகரை, சவரா கடற்கரையில் மணல் கறுத்துக் கிடக்கும். இல்மனைட்டோடு மோனசைட்டும் கலந்த மணல் அது, மோனசைட்டுக்குள் கதிர்வீசும் தோரியம். இயற்கையிலிருந்து மனிதர் பெறும் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இந்தக் கரையின் சில இடங்களில் அது பத்து மடங்கையும் தாண்டுகிறது. மீனவக் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அவர்களுக்குக் கெடுதல் உண்டா?

பெரிய அளவு கதிர்வீச்சு புற்றுநோயைக் கூட்டும் என்பதில் சந்தேகமில்லை. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்பிழைத்தவர்களை 1947இல் தொடங்கிய ஆய்வமைப்பும் அதன் வாரிசு நிறுவனமும் அமெரிக்க, ஜப்பானிய அரசுகளின் பணத்தில் இன்றுவரை பின்தொடர்கின்றன. நாம் நம்பும் பெரும்பாலான எண்கள் அங்கிருந்து வந்தவை. ஆனால் 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே படம் மங்குகிறது.

மங்குவதற்குக் காரணம் எண்ணிக்கை. அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு 2006இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 100 பேரில் 42 பேருக்கு வாழ்நாளில் எப்படியும் புற்றுநோய் வரும். அந்த 100 பேரும் தலா 100 மில்லிசீவர்ட் பெற்றால் கூடுதலாக வருவது சுமார் ஒருவருக்கு. வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி. ஸ்கேன் சுமார் 10 மில்லிசீவர்ட். அந்த அளவில் கூடுதல் ஆயிரத்தில் ஒருவர். புகையிலை, உணவு, வயது, பரம்பரை எல்லாம் சேர்ந்து எழுப்பும் சந்தைக்கடை இரைச்சலில் அந்த ஒருவரின் குரலைப் பிரித்துக் கேட்க வேண்டும். அளவு பத்திலொன்றானால் ஆய்வுக்குத் தேவைப்படும் ஆட்கள் ஏறக்குறைய நூறு மடங்காகிறார்கள். அதுவும் புற்றுநோய் தலைகாட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும். மூன்றாண்டு மானியத்தில் முடிகிற வேலையல்ல இது. அரசு தோள்கொடுத்தால்தான் நடக்கும்.

கேரளத்தில் அது நடந்தது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990இல் இந்தக் கரை அடங்கிய கருநாகப்பள்ளி வட்டத்துக்குத் தனிப் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியது. எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளின் உள்ளும் புறமும் கதிர்வீச்சை அளந்தார்கள். யார் எந்த வீட்டில் எத்தனை காலம் இருந்தார், பீடி பிடிப்பாரா, என்ன தொழில் என்று கேட்டுக் குறித்தார்கள். 2009இல் வெளியான முடிவில், 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்திருந்தார்கள். அவர்களில் புற்றுநோய் கண்டவர்கள் 1,379 பேர். கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

இதை வைத்து "ஆபத்தே இல்லை" என்று முழங்குகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். அந்த 1,379 பேரில் ரத்தப் புற்றுநோய் கண்டவர்கள் 30 பேர்தான். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் சிறு கூடுதல் இருந்தாலும் மறைந்துபோகும். பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட அணுத்துறைத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வின் 2023ஆம் ஆண்டு முடிவு வேறு பக்கம் சாய்கிறது: சிறுகச் சிறுகச் சேர்ந்த கதிர்வீச்சோடு புற்றுநோய் மரணங்களும் கூடியிருந்தன. இரண்டையும் பொருத்திப் பார்க்க கருநாகப்பள்ளியில் இன்னும் நீண்ட கால விவரங்கள் வேண்டும்.

இடையில் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சான்று. எரிசக்தித் துறை 1990களின் இறுதியில் தொடங்கிய குறைந்த அளவுக் கதிர்வீச்சு ஆய்வுத் திட்டம் 2016இல் நின்றது. ஆய்வகங்கள் கலைந்தன, பழகிய கைகள் வேறு துறைகளுக்குப் போயின. அந்நாட்டு தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2022இல் கேட்டது ஆண்டுக்கு 10 கோடி டாலர், 15 ஆண்டுகளுக்கு. எரிசக்தித் துறையோடு சுகாதார ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்றும் அது சொன்னது. இந்த இரண்டாவது கோரிக்கையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அணுசக்தியை வளர்க்கிற துறை மட்டுமே பணம் கொடுத்தால், நேர்மையாக நடந்த ஆய்வையும் மக்கள் நம்பத் தயங்குவார்கள்.

அதே கறுத்த மணல் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கிடக்கிறது. அந்தக் கரையில் மணல் அள்ளுவதை எதிர்க்கும் மீனவக் கிராமங்கள் புற்றுநோய் குறித்துப் பல காலமாகக் கேள்வி கேட்கின்றன. கருநாகப்பள்ளியில் செய்ததுபோல் அங்கும் வீடுவீடாகக் கதிர்வீச்சை அளந்து, ஒவ்வொரு நோயாளியையும் பதிவுசெய்து பின்தொடரும் திட்டத்தைச் சுகாதாரத் துறையின் பொறுப்பில், இருபது ஆண்டு நிதி உறுதியோடு தொடங்க வேண்டும். பதிவேடு நடத்தும் அனுபவம் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்திடம் 1980களிலிருந்தே இருக்கிறது.