இறக்கத்தில்தான் முட்டி பேசும்

பௌர்ணமி அன்று கண்டாச்சிபுரம் வழியாகத் திருவண்ணாமலை போகும் பேருந்துகளில் கால்வைக்க இடமிருக்காது. 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலில் முடித்துவிட்டு, மறுநாள் வேலைக்கும் போய்விடுகிறவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். அவர்களில் சிலருக்கு அடுத்த ஆசை பொதிகையின் அகத்தியர் மலை. ஆனால் கிரிவலப் பாதை பெரும்பாலும் சமதளம். மலையின் கணக்கே வேறு.

மூன்று நாள் பாதை

அகத்தியர் மலையின் உயரம் 1,868 மீட்டர். கேரளத்தின் போனக்காட்டிலிருந்து வனத்துறை அனுமதியோடு ஏற வேண்டும். முதல் நாள் அதிருமலை முகாம், மறுநாள் உச்சி, பிறகு இறக்கம். உச்சியை நெருங்கும்போது கயிற்றைப் பிடித்து ஏறவேண்டிய வழுக்குப் பாறைகள் உண்டு.

சமவெளி வேகத்தை வைத்து நேரம் கணக்கிட்டால் இருட்டில் மாட்டிக்கொள்ள நேரும். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்று 1892-லேயே ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் சொல்லிவிட்டார். அதுவும் திடகாத்திரமானவர்களுக்கு.

ஏற்றம் நெஞ்சுக்கு, இறக்கம் தொடைக்கு

ஏறும்போது சோதனை இதயத்துக்கு. 2024-ல் கோவை வெள்ளியங்கிரி ஏறிய பக்தர்கள் சிலர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வந்து இறந்தார்கள். இதயநோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை எச்சரித்தது.

இறக்கம் எளிது என்பது பலரின் நினைப்பு. உண்மையில் அப்போதுதான் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலி உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். பல நாள் நடையின் சங்கடமே இதுதான்: இரண்டாம் நாளின் தேய்மானம், மூன்றாம் நாள் செங்குத்துச் சரிவில் கால் நடுக்கமாக வெளிப்படும். கையில் ஒரு தடி இருந்தால் முட்டியின் சுமை குறையும். முதுகுப்பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

தண்ணீர் மட்டும் போதாது

வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மடமடவென்று அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரலாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் கடலைமிட்டாயும் பையில் இருக்கட்டும். உடலில் நீர் வற்றிய நிலையில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடப்பது சிறுநீரகத்துக்கு ஆபத்து. சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால் நடையை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செஞ்சியில் ஒத்திகை

பயிற்சிக்கு நமக்குப் பக்கத்திலேயே ராஜகிரிக் கோட்டை இருக்கிறது. சுமார் 800 அடி உயரம், செங்குத்தான படிகள். குரங்குகளிடமிருந்து பையைக் காப்பாற்றுவது தனிப் பயிற்சி! ஒருமுறை இறக்கத்தில் அடிபட்டுத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த வலியோடு செய்யும். எனவே பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பாகவே சுமையோடு ஏறி, நிதானமாக இறங்கிப் பாருங்கள். அடுத்த இரண்டு நாளில் வீட்டுப் படியிறங்கவே கால் மறுத்தால், பொதிகைப் பயணத்தை அடுத்த சீசனுக்குத் தள்ளிவையுங்கள்.