மாத்திரை எடுத்துக் கொடுக்க என்ன படிக்க வேண்டும்?

அமெரிக்காவில் மெடிகேஷன் எய்ட் என்று ஒரு வேலை உண்டு. முதியோர் இல்லங்களில், நர்ஸின் மேற்பார்வையில், அன்றாட மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுப்பவர். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸ் மாநிலத்தில் 140 மணி நேரப் பயிற்சி, பிறகு தேர்வு. தேறினாலும் ஊசி போடக்கூடாது. நோயாளிக்குப் புதிதாக எழுதிய மருந்தின் முதல் வேளையைக் கொடுக்கக்கூடாது. ஒத்துக்கொள்ளாமல் போனால் சமாளிக்கத் தெரிந்தவர் அந்த முதல் வேளையில் பக்கத்தில் இருக்க வேண்டும் அல்லவா?

நம்மூரில் கவுன்சில் பதிவோடு அப்படி ஒரு தனி வேலை இல்லை. சேத்துப்பட்டிலோ ஆரணியிலோ பிளஸ் டூ முடித்த பெண் இந்த வேலைக்கு வர நினைத்தால், எந்த இடத்தில் நின்று மருந்து கொடுக்கப் போகிறார் என்பதைப் பொறுத்துப் படிப்பு மாறும்.

மெடிக்கல் ஷாப் என்றால் டி.ஃபார்ம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம் படித்திருக்க வேண்டும். இரண்டு வருடப் படிப்பு, அதன் பிறகு 500 மணி நேர நேரடிப் பயிற்சி. 2022-இல் வந்த விதிப்படி வெளியேறும் தேர்வு வேறு: மூன்று தாள்கள், ஒவ்வொன்றிலும் 50 சதவீதம். அதன் பிறகே மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு. கடையில் பத்து வருடம் வேலை பார்த்த அனுபவம் இதற்கு ஈடாகாது. டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமையை 1948-ஆம் வருட பார்மசி சட்டத்தின் 42-ஆம் பிரிவு பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே தருகிறது. 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களுக்கும் பி.ஃபார்ம், டி.ஃபார்ம் சான்றிதழைத்தான் கேட்டார்கள்.

நோயாளியின் படுக்கை அருகே என்றால் அது நர்ஸின் வேலை. ஏ.என்.எம். இரண்டு வருடம், ஜி.என்.எம். மூன்று, பி.எஸ்சி. நர்சிங் நான்கு. முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிய வேண்டும். குறுகிய காலத்தில் படிக்கும் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் நல்ல வேலைதான். ஆனால் அது குளிப்பாட்ட, உணவூட்ட, படுக்கை மாற்றக் கற்றுத்தரும் படிப்பு. எந்த மாத்திரை, எவ்வளவு என்று அவர் தாமாக முடிவெடுக்க முடியாது.

மூன்றாவது இடம் வீட்டுத் திண்ணை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். மருந்தை எழுதுவது டாக்டர். கொண்டுபோய்ச் சேர்ப்பதும் கவனிப்பதும் இவர்கள். மெட்ஃபார்மின் எஸ்.ஆர். மாத்திரையை விழுங்க முடியவில்லை என்று பாட்டிக்குப் பொடித்துக் கொடுக்கும் வீடுகள் உண்டு. மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து அப்போது மொத்தமாக உடம்பில் இறங்கிவிடும். சீட்டில் 1-0-1 என்று இருப்பதைக் காலையும் இரவும் என்று படிக்கத் தெரிவது சுலபம்; பொடிக்கும் கையைத் தடுத்து, டாக்டரிடம் கேட்டு மாற்று மருந்து வாங்கித் தருவதுதான் தொழில்.

சேத்துப்பட்டுக்கு இந்தத் தொழில் புதிதல்ல. தொழுநோய்க்கென்றே மருத்துவ மையம் இருந்த ஊர் இது. 1980-களில் பரவிய கூட்டு மருந்துச் சிகிச்சையில் டாப்சோனை நோயாளி தினமும் வீட்டில் போட்டுக்கொள்வார். ரிஃபாம்பிசினை மாதம் ஒருமுறை ஊழியரின் கண்முன் விழுங்க வேண்டும். அன்று சிறுநீர் சிவந்து போகும். குளோஃபசிமின் சேர்ந்தால் தோல் கறுக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி பயந்து மருந்தை நிறுத்திவிடுவார். மாத்திரையோடு இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துக் கொடுப்பவரே நல்ல ஊழியர்.

இனி காசு விஷயம். ஆறு மாதச் சான்றிதழ், உடனே ஆஸ்பத்திரி வேலை என்று பேசும் மையங்களிடம் கேட்க ஒரே கேள்விதான்: முடித்தால் எந்தக் கவுன்சிலில் பதிவு எண் கிடைக்கும்? பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடலாம். டி.ஃபார்ம் கல்லூரி என்றால், நீங்கள் சேரும் வருடத்துக்கு பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியாவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அதன் இணையதளப் பட்டியலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். போன வருட அங்கீகாரக் கடிதத்தைக் காட்டினால் போதாது.